சகலையின் டேங்க்

மார்ச் 4

மாமனாரின் புதுப் படகு தயாராகிவிட்டது. அக்கரைக்கு ஆள் ஏற்றிப்போக இப்போது இருப்பது இரண்டு படகு. ஒன்றை நான் ஓட்டுகிறேன், இன்னொன்றைச் சகலை. புதியது யாருக்கு என்று மனிதர் வாயைத் திறக்கவில்லை. மூத்த மருமகன் நான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 7

சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் மாமனார் சொன்னார்: "சின்னவனைப் பாரு. சாயங்காலமே டீசலை வாய் வரைக்கும் ரொப்பிட்டுதான் வீட்டுக்கு வர்றான். டேங்க் காலியா கிடந்தா ராத்திரி குளிர்ல உள்ளே வேர்த்து தண்ணி எறங்கும். கத்துக்கோ."

நானும் தினம் அதைத்தானே செய்கிறேன்! அது மட்டும் யார் கண்ணிலும் படாது. இனிமேல் சாயங்காலம் நிரப்பினால் அவனைப் பார்த்துச் செய்ததாக ஆகிவிடும். மாட்டேன். காலையில் தேவைக்கு ஊற்றிக்கொண்டால் போதும்.

மார்ச் 8

நிரப்பவில்லை.

மார்ச் 19

சகலை தினமும் காலையில் டேங்கின் அடித்திருகைத் திறந்து, கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெயிலில் காட்டிப் பார்க்கிறான். பெரிய டாக்டர்! அதுவும் படகுத்துறையில், நாலு பேர் பார்க்க. எனக்கு வயிறு எரிகிறது.

"அண்ணே, உங்களுதையும் பாத்துடட்டுமா?" என்றான். உன் வேலையைப் பாருடா என்றேன்.

ஏப்ரல் 26

நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டது. படகு நிறைய ஆள், அதில் மாமனாரும்! காற்றுக்குப் படகு ஆடியதில் டேங்கின் அடியில் கிடந்த கசடு கிளம்பி ஃபில்டரை அடைத்துவிட்டது. ஆற்று வேகம் பாறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது, ஒரு குழந்தை வீறிடுகிறது, எனக்கோ ஃபில்டரைக் கழற்றவே வரவில்லை. சகலைதான் தன் படகிலிருந்து கயிறு வீசிக் கரைக்கு இழுத்தான்.

கரையில் அவனே கழற்றினான். உள்ளே தண்ணீர், கறுப்பாகக் கொழகொழவென்று அழுக்கு. மாமனார் கிட்டே வருவதற்குள் துணியில் சுருட்டிவிட்டான். "ஃபில்டர் பழசு மாமா. அண்ணன் என்ன பண்ணுவாரு?"

திட்டியிருக்கலாம்ல? திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பேன். எதுக்கு இவன் இவ்வளவு நல்லவனா இருந்து தொலைக்கிறான்?

ஏப்ரல் 29

பெண்டாட்டி கேட்டாள்: "தங்கச்சி வீட்டுக்காரர் மேல இருக்கிற கோவத்துக்கு டேங்கையா பட்டினி போட்டீங்க?" இவளுக்கு எப்படித் தெரிந்தது? திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மே 3

புதுப் படகு சகலைக்கு. தெரிந்ததுதான் — இருந்தாலும் தாங்கல.

"உனக்கு என்ன வேணும், கேளு" என்றார் மாமனார். சகலை விட்டுப்போகிற படகைக் கேட்டேன்.

"உன்னுதைவிட அது பழசாச்சேப்பா. அது எதுக்கு?"

சும்மாதான் என்றேன். சகலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த டேங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.