பெட்ரோல் டாங்கும் டோரீனின் மூக்கும்

டூசான், மே 4

வெண்டெல்,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

பிரிந்து போன புருஷனின் காருக்கு எவள் தன் கராஜில் இடம் கொடுப்பாள்? நான் கொடுத்தேன். ஆனால் அந்த அரதப்பழசில் நீ புது என்ஜினை மாட்டியதிலிருந்து, வெயில் ஏறினால் வீடெல்லாம் பெட்ரோல் வாடை. கராஜுக்கும் என் படுக்கைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவள் நான். வெந்நீர் போடும் கேஸ் பாய்லரும் அதே கராஜில்தான் எரிகிறது. பயமாக இருக்கிறது.

"உன் மூக்குக்கு வேற வேலை இல்ல" என்று ஆரம்பிக்காதே. நீ புதினாவை மென்றுகொண்டு, "சத்தியமா குடிக்கலடி" என்று வந்து நின்ற காலத்திலும் உன் குடியைக் கண்டுபிடித்தது இதே மூக்குதான்.

டோரீன்

மே 9

அன்புள்ள டோரீன்,

உன் மூக்கைப் போலீஸில் சேர்த்தால் நாய்க்கு வேலை போய்விடும். கோபிக்காதே. குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது, கேலியை மட்டும்தான் இன்னும் விடவில்லை.

பழைய டாங்க் மூடியில் காற்று போய்வர ஓர் ஓட்டை இருக்கும். வாடை அது வழியாகத்தான் வந்தது. நேற்று வந்து ஓட்டையே இல்லாத மூடி போட்டுவிட்டேன். இனி நிம்மதியாகத் தூங்கு.

ஜூனில் நம் கார்லாவின் கல்யாணம். அம்மாவும் அப்பாவும் தனித்தனியாக வந்து இறங்கினால் பெண்ணின் முகம் வாடிவிடும். இந்தக் காரில் என்னோடு வருவாயா?

வெண்டெல்

மே 13

வாடை நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு வருவது பற்றி யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன்.

டோரீன்

மே 17

அன்புள்ள டோரீன்,

இன்று காரை ஓட்டிப் பார்த்தேன். ஊரைத் தாண்டியதும் நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நின்றது. மெக்கானிக் எலாடியோவிடம் போனேன்.

"பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து வர வேணாமா? வாயையும் மூக்கையும் பொத்திட்டு ஓடச் சொன்னா எவன்யா ஓடுவான்?" என்றார். புது என்ஜின் மிச்சப் பெட்ரோலைச் சூடாக டாங்குக்கே திருப்பி அனுப்புமாம். அதனால் ஆவியும் அதிகமாம்.

திரும்பி வந்து கராஜில் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து, புத்தி கெட்டுப்போய் மூடியைத் திருகினேன். இந்தத் தடவை இழுக்கவில்லை. சூட்டில் உள்ளே அடைபட்டிருந்த ஆவி புஸ்ஸென்று முகத்தில் அடித்தது. எதிரே பாய்லரின் அடியில், எப்போதும் எரிகிற அந்தச் சின்ன நீலச் சுடர். சுவருக்கு அந்தப் பக்கம் நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

மூடியை இறுக்கி, கேஸை அடைத்து, காரைத் தெருவுக்குத் தள்ளினேன். பிறகு நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். உன்னை எழுப்ப தைரியம் வரவில்லை.

கரி நிரப்பிய டப்பா ஒன்று மாட்டினால் ஆவி அதில் தங்கும், ஓடும்போது என்ஜினே அதை உறிஞ்சிக்கொள்ளும் என்கிறார் எலாடியோ. மாட்டத்தான் போகிறேன். ஆனாலும் இனி உன் கராஜில் விடமாட்டேன். கல்யாணத்துக்கு நீ உன் காரிலேயே போ. உன் மூக்கு சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்.

வெண்டெல்

மே 22

அன்புள்ள வெண்டெல்,

அன்று எழுந்து, கேஸ் அடைத்துக் கிடந்ததால் பச்சைத்தண்ணீரில் குளித்தபோது உன்னைத் திட்டினேன். கடிதம் வந்ததும் இன்னொரு தடவை திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: என் மூக்கைக் கேலி செய்யாமல் நீ எழுதிய முதல் கடிதம் இது.

கேஸ் பாய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு கரன்ட்டில் ஓடுவதாக ஒன்று வாங்கிவிட்டேன். இனி கராஜில் சுடர் கிடையாது.

கரி டப்பா மாட்டியதும் காரை எடுத்துக்கொண்டு வா. வாசலிலேயே நில். முதலில் டாங்கை முகர்ந்து பார்ப்பேன், அப்புறம் உன்னை. இரண்டும் தேறினால் கல்யாணத்துக்குச் சேர்ந்தே போகலாம்.

டோரீன்