இறங்குகிற ஆம்புலன்ஸுக்கு வழி

அருளின் அப்பாவுக்கு,

அன்பு எப்போதும் போல. இந்த முறை கோபமும் சேர்ந்திருக்கிறது. இதை நம் தேவாலயப் பங்கு இதழில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். வீட்டு விஷயம் ஊருக்கு எதற்கு என்பீர்கள். இது ஊர் விஷயம்தான்.

உங்கள் மகன் ஜெர்மனியிலிருந்து வந்து போனான். வந்த நாள் முதல் ஒப்பீடுதான். அங்கே குழாயைத் திறந்தால் வெந்நீர். அங்கே ரயில் நேரத்துக்கு வரும். அங்கே நடைபாதையில் மனிதர்கள் நடப்பார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. வெந்நீர் நம் வீட்டிலும் வரும், கரண்ட் இருந்தால். நடைபாதை நம் குன்னூரிலும் உண்டு, அதன்மேல் நிறுத்திய பைக்குகளை எடுத்தால்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்: “அம்மா, அங்க ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா அத்தனை வண்டியும் ரெண்டு பக்கமா ஒதுங்கி நடுவுல வழி விட்டுரும். அதுதாம்மா வாழ்க்கைத் தரம். அப்பா அங்க இருந்திருந்தா...”

மேலே பேச விடாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா? நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், இங்கே முடியாது, கோயம்புத்தூருக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். இத்தனை தேயிலையை உலகத்துக்கு அனுப்புகிற மலைக்கு, ஒரு நெஞ்சு வலியைப் பார்க்க வழியில்லை. பாதி மலை இறங்குவதற்குள் எதிரே சுற்றுலாக் கார்கள். சைரன் அலறுகிறது, ஒருவரும் அசையவில்லை. நீங்களோ ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு டிரைவரிடம், “தம்பி, ஏறுற வண்டிக்கு முதல்ல வழி விடுப்பா” என்றீர்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக ஜீப்பில் ஏறி இறங்கிய காலமெல்லாம் நீங்கள் மீறாத மலைச் சட்டம். பாரத்தோடு ஏறுகிற லாரி நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கஷ்டம் என்பதற்காக வந்த மரியாதை அது. பிரியாணிப் பொட்டலத்தோடு ஊட்டிக்கு ஏறுகிறவர்களுக்காக வந்ததா? நீங்கள் மரியாதை கொடுத்தீர்கள், அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். மலையடிவாரத்துப் பர்லியாறு வருவதற்குள் உங்கள் கை என் கைக்குள் குளிர்ந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

அருள் கிளம்பும் நாளில் நானும் விமான நிலையம் வரை போனேன். “ஊட்டை வித்துட்டு என்கூட வந்துருங்கம்மா. நான் பிளைட் ஏறுறதுக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க” என்று கேட்டிருந்தான். தொடர் விடுமுறை. ஏறுகிற கார்கள் ஒன்றையொன்று முந்தப் பார்த்து, வளைவில் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றன. எங்கள் டாக்சிக்குப் பின்னால் சைரன்.

“பாத்தீங்களா? இதத்தான் சொன்னேன்” என்று அருள் போனை எடுத்துப் படம் பிடித்தான்.

“அங்கே வண்டியை ஒதுக்குறவன்தானே நீ?”

“ஆமாம்மா.”

“அப்புறம் இங்கே என்ன உட்கார்ந்து வேடிக்கை? இறங்கு.”

நான் குடையோடு முதலில் இறங்கினேன். டாக்சிக்கார மணி பதறினான். “ஏனுங்கம்மா, மழையில எங்க போறீங்க? உள்ள உக்காருங்க!”

முன்னால் நின்ற காருக்கு எதிரே போய் நின்றேன். ஓட்டிய பையன் தலையை நீட்டினான். “பாட்டி, மலையில ஏறுற வண்டிக்குத்தான் வழி. தெரியாதா? நகருங்க.”

உங்கள் சட்டம், அவன் வாயில்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“தெரியும் தம்பி. அந்தச் சட்டத்தைக் காப்பாத்தின மனுஷனை இதே ரோட்டுலதான் பறிகொடுத்தேன். வண்டியைப் பின்னால எடு.”

“பின்னால வண்டி நிக்குதுங்க.”

“அதை என் மகன் பார்த்துக்குவான்.”

பார்த்துக்கொண்டான். பளபளக்கும் செருப்போடு சேற்றில் இறங்கி, ஒவ்வொரு கார்க் கண்ணாடியாகத் தட்டிப் பின்னுக்கு அனுப்பினான். மணியும் ஒரு பஸ் கண்டக்டரும் சேர்ந்துகொண்டார்கள். ஆம்புலன்ஸ் எங்களைக் கடந்தபோது உள்ளே ஒரு பெண், நான் உட்கார்ந்திருந்த அதே இடத்தில். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களா? தெரியவில்லை.

அருள் நனைந்து வந்து உட்கார்ந்தான். “அங்க இப்படி இறங்க வேண்டியதே இல்லம்மா” என்றான், இந்த முறை மெதுவாக.

அவன் சொல்வது சரி. என் கோபமே அதுதான். வெந்நீருக்குக் காசு வேண்டும், ரயிலுக்குக் காசு வேண்டும். ஒதுங்கி நிற்க என்ன வேண்டும்? ஏழை நாடு என்று இதற்கும் சாக்குச் சொல்வோமா? ஜெபமாலை உருட்டிக்கொண்டே ஹாரன் அடிக்கிறவர்கள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

விமான நிலையத்தில் பதில் சொன்னேன். “வரலைப்பா. அந்த ரோட்டுல எனக்கு வேலை இருக்கு.” அவன் வாதாடவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

சைரன் கேட்டால் வளைவில் இறங்கி நின்று வழி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று டாக்சி ஸ்டாண்டில் பேசிவிட்டேன். “நீங்க குடையை எடுத்தா நாங்க பதறிப்போறோமுங்க. நீங்க வராதீங்க, நாங்களே நிக்கிறோம்” என்று மணி கும்பிட்டான். நானும் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் பேச்சை நான் தட்டியதில்லை. இதில் மட்டும் தட்டுவேன். என் கால் நிற்கிற வரைக்கும், அந்த வளைவுகளில் சைரன் கேட்டால் ஏறுகிற வண்டிதான் நிற்கும். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அன்று உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து வந்த
உங்கள் மனைவி,
ஸ்டெல்லா