முழங்கால் முழுதாக மடங்குகிறது

மார்ச் 3

அன்புள்ள ஊசி,

பன்னிரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். திட்டிவிட்டுப் படி.

ஓய்வூதியத்துக்காக ராணுவம் எனக்குப் போட்ட ஊனச் சதவீதத்தை எதிர்த்து மனு கொடுக்கிறேன். வலது முழங்காலுக்கு வெறும் பத்து. கோப்பைக் காட்டினார்கள்: "முழங்கால் முழுதாக மடங்குகிறது. வலி இல்லை." கீழே உன் கையெழுத்து, மருத்துவ உதவியாளன் என்று. அந்தப் பரிசோதனையன்று நடந்ததை நீ ஒரு பக்கம் எழுதித் தந்தால் எடுத்துக்கொள்வார்களாம். கடைசி நாள் 31.

நான் இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். போன வாரம் பிரேக்கில் காலை வைக்கும்போது முட்டி பூட்டிக்கொண்டது. சுவருக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. உள்ளே முப்பத்திரண்டு பிள்ளைகள். யாரிடமும் சொல்லவில்லை. சதவீதம் கூடினால் ஓய்வூதியமும் கூடும், அன்றே சாவியைக் கொடுத்துவிடுவேன். அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

ஒட்டகம்


மார்ச் 9

ஒட்டகமே,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறேன். இன்று ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை. ஊசி என்று பேர் வாங்கிய எனக்கு, நரம்பு கிடைக்கவில்லை.

நீதானே கெஞ்சினாய், "டேய், வலின்னு எழுதிடாதடா, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்று. டாக்டர் முட்டி மடங்கும் கோணம் பார்க்கையில் உன் குதிகாலைப் பிடித்துத் தள்ளியது நான். நீ பெல்ட்டைக் கடித்துக்கொண்டாய். நமக்குள் அது உதவி. எத்தனை பேருக்குத் தள்ளினேன்! பிறகு உன்னை ராணுவத்திலிருந்து அனுப்பும்போது அந்தத் தாளைப் பார்த்தே பத்து போட்டிருக்கிறார்கள்.

வெளியே அதற்குப் பெயர் பொய்ப்பதிவு. வேலை போகும். "கேஸாயிடும், உங்களுக்கு என்ன தலையெழுத்தா?" என்கிறாள் என் வீட்டுக்காரி.

பயமாக இருக்கிறது. என்னை விட்டுவிடு. பேருந்தையும்.

ஊசி


மார்ச் 16

ஊசி,

நேற்று மறுபடியும். வண்டி நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. முன் சீட்டுக் குட்டி கேட்டாள்: "கால் தூங்கிடுச்சா மாமா?" சிரித்தேன். எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நானே எழுதிப் போடுகிறேன். அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

உன் பெயர் வராது. பயப்படாதே.

ஒட்டகம்


மார்ச் 22

ஒட்டகமே,

எழுதிவிட்டேன். குதிகால், பெல்ட், எல்லாம். பதிவுத் தபாலில் நேராக ஓய்வூதிய அலுவலகத்துக்கு.

நீ கேட்காத ஒன்றையும் செய்தேன். பள்ளிக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். கூடவே, ஓட்டும்போது முட்டி இரண்டு முறை பூட்டிக்கொண்டதையும் எழுதினேன். இந்தக் கடிதம் வருவதற்குள் அவர்கள் உன்னிடம் சாவியைக் கேட்டிருப்பார்கள். மனு முடிய எத்தனை மாதமோ, தெரியாது. உன் வீட்டு அடுப்பை அணைத்தது நான்தான். வேறு வழி யோசித்தேன், கிடைக்கவில்லை.

இவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே திடுக்கிடுகிறேன், விசாரணைக்கு வந்த ஆளா, அடிக்க வந்த நீயா என்று.

நீயாக இருந்தால், மூன்று மாடி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறு.

ஊசி