சீனுவின் எடை

செவ்வாய், இரவு

சாயங்காலம் சீனுவை நாய் டாக்டரிடம் கூட்டிப் போனேன். போன மாதத்தைவிட எடை ஏறியிருக்கிறான். "பின்னங்கால் மூட்டு தாங்காதும்மா. இன்னும் ஏறினா எழுந்து நடக்கவே முடியாது" என்றார்.

இத்தனை நாளும் சோற்றைப் பாதியாக்கி, பூசணிக்காய் வேகவைத்துப் போடுகிறேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வான். பிறகு எப்படி எடை ஏறும்?

திரும்பி வந்ததும் நேராக எதிர்வீட்டு அமுதா அக்காவிடம் போனேன். நான் ஏனாத்தூருக்கு வேலைக்குப் போனதும், பகலெல்லாம் அவனைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

"அக்கா, இவனுக்கு ஏதாச்சும் குடுக்கறீங்களா?"

தறியை நிறுத்தாமலே சொன்னார். "டீயில நனைச்சு பொறை குடுப்பேன். மதியம் கொஞ்சம் சோறு. நான் சாப்பிடறப்ப வாயையே பாத்துக்கினு இருக்குதுமா. எப்படி குடுக்காம துன்றது?"

"டாக்டர் கூடாதுன்றாரு அக்கா. கால் போயிடுமாம்."

"அப்ப நீயே வீட்ல வச்சி பாத்துக்கோமா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். சீனுவோ என் கையிலிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டான்.

சண்டை போட்டால் நாளைக்கு இவனை யாரிடம் விடுவேன்? உள்ளே வைத்துப் பூட்டினால் நாளெல்லாம் கத்துவான். அந்தப் பயத்தில் குரல் தானாக இறங்கிவிட்டது.

"பொறை மட்டுமாவது வேணாம்க்கா."

"சரி, பொறை குடுக்கல."

சோற்றைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.