கழன்று போகத் தைத்த கோட்டு

அக்கா,

நேற்று என் மகள் புதிதாக வாங்கிய குர்தாவின் பக்கவாட்டில் கையை விட்டு, "அப்பா, இதுல பாக்கெட் இருக்கு!" என்று கூவினாள். பெண்கள் உடையில் பை வைப்பதை யாரோ போன மாதம்தான் கண்டுபிடித்தது போல அவளுக்கு மகிழ்ச்சி. எண்பதுகளின் தொடக்கத்தில், நெய்வேலியில், எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீட்டில் உட்கார்ந்து நீங்கள் அப்போதே பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் கோவைப் பக்கம். உங்கள் வீட்டுக்காரர் ஷிப்டுக்குக் கிளம்பியதும் உங்கள் மிஷின் ஓடத் தொடங்கும். சைக்கிளில் போகும் டீச்சருக்குச் செயினில் சிக்காத பாவாடை. நர்ஸுக்குக் கையைத் தூக்கினாலும் மேலேறாத ரவிக்கை. "நிமிசத்துக்கொருக்கா துணியை இழுத்து வுட்டுட்டிருந்தா அவ எப்பங்க வேலை பாப்பா?" என்பீர்கள்.

பக்கத்து மந்தாரக்குப்பத்தில் நிலக்கரியைச் சலித்து லாரியில் ஏற்றும் தனியார் பட்டறை ஒன்று இருந்தது. ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் நின்று கல் பொறுக்கிய பெண்களில் ஒருத்தியின் முந்தானையை உருளை இழுத்துவிட்டது. கை முறிந்து உயிர் பிழைத்தாள். இனிப் பெண்கள் பெல்ட் பக்கமே வரக் கூடாது என்றார் முதலாளி. வேலை போய்விடும் என்று உங்களிடம் வந்து அழுதாள், அங்கே கல் பொறுக்கிய அஞ்சலை. அவளிடம் நீங்கள் கேட்டது இதுதான்: "ஏனம்மிணி, பெல்ட்டு எந்த உசரத்துல ஓடுது?"

புடவைக்கு மேல் போடும் கோட்டு ஒன்று தைத்தீர்கள். முந்தானையை உள்ளே அடக்கிவிடும். முன்பக்கம் முழுக்கப் பிரஸ் பட்டன். உருளை பிடித்தால் பட்டன்கள் தாமே திறந்து கோட்டு மட்டும் போகும், ஆள் நிற்பாள். அரக்கு நிறம், சந்தன நிறக் காலர், இரண்டு பை. காக்கி போதாதா என்றேன். "அழகா இல்லீன்னா பொட்டிக்குள்ள கெடக்கும். அப்புறம் எவ உசுரைக் காப்பாத்தும்?"

பெண்கள் போட்டுப் பழகிய பிறகு, முதலாளிக்குச் செய்துகாட்டப் போனீர்கள். அப்போது பத்திரிகை நிருபராக இருந்த நானும் செய்திக்காக வந்தேன். நீங்களே பெல்ட் அருகே நிற்பதாக இருந்தது. அஞ்சலை விடவில்லை. "நீங்க நின்னா உங்க சாமர்த்தியம்னுடுவாருக்கா. நானே நிக்கிறேன்."

முதலாளி சுவிட்சில் கை வைத்து நின்றார். கோட்டின் ஓரத்தை உருளை கவ்வியது. கீழ்ப் பட்டன் திறந்தது, அடுத்தது, அதற்கடுத்தது. மார்புக்கு நேராக வந்ததும் பட்டன் திறக்கும் சத்தம் நின்றது. அஞ்சலை இழுபட்டுக் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். சுவிட்சை அணைத்தும் பெல்ட் உடனே நிற்கவில்லை. நீங்கள் இடுப்புக் கத்தரியை உருவி அவள் தோளில் துணியை வெட்டினீர்கள். அவள் கரித்தூளில் பொத்தென்று உட்கார்ந்தாள். உங்கள் கையில் மிஞ்சிய துண்டில், உள்பக்கமாகக் குத்திய ஊக்கு ஒன்று இருந்தது.

"எதுக்கம்மிணி குத்துனே?"

"தொறந்துக்கினா முந்தானை சரிஞ்சிடும்க்கா. ஆம்பளைங்க பாத்துக்கினு நிக்கிறாங்க."

நீங்கள் மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தீர்கள். எல்லோரும் மார்பில் ஊக்கு குத்தியிருந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டார்கள்.

"பாத்தீங்களாம்மா? புத்தி கெட்டதுங்க. இதுக்குத்தான் வேணாம்னேன்" என்றார் முதலாளி.

"அவங்க தப்பில்லீங்க. என்ர தப்பு. உசுரை மட்டும் நெனச்சுத் தெச்சுப்போட்டேன். ஒரு வாரம் பொறுங்க."

அடுத்த கோட்டுக்குள், முந்தானையை இறுக்கிப் பிடிக்கும் கையில்லாத உள்சட்டை ஒன்று தனியாக இருந்தது. மேல்கோட்டு போனாலும் அது போகாது. இம்முறை பெண்களை வரிசையாக நிறுத்தி, கோட்டை நீங்களே வெடுக்கென்று இழுத்துக் காட்டினீர்கள். ஒருத்தியின் முந்தானையும் அசையவில்லை. முதலாளி அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

ஐப்பசி மழையில் ஒருநாள், பெல்ட் உண்மையாகவே பிடித்தது. அன்று பட்டறைக்குப் போயிருந்த நானும் பார்த்தேன். அரக்குக் கோட்டு நிலக்கரியோடு மேலேறி லாரிக்குள் விழுந்தது. அஞ்சலை இடுப்பில் கை வைத்து, நேராக நின்று கத்தினாள்: "யோவ் டிரைவரு, வண்டிய எடுத்துடாதய்யா! அக்கா தெச்ச கோட்டுய்யா அது, எடுத்துக் குடுத்துட்டுப் போ!"

அதன் பிறகு எத்தனையோ விபத்துகளை எழுதிவிட்டேன். கொடுத்த பாதுகாப்பு உடையைத் தொழிலாளி போடவில்லை, கவனக்குறைவு என்று அதிகாரிகள் சொல்வார்கள். அதைக் குறித்துக்கொள்வேன். பிறகு அந்தத் தொழிலாளியைத் தேடிப்போய், ஏன் போடவில்லை என்று கேட்பேன். இதுவரை ஒருவர்கூடப் பதில் இல்லாமல் இருந்ததில்லை, அக்கா.