என் மகன் ஏனோஸ் கடலில் இறந்தான் என்று பதியக் கோரி

அனுப்புநர்:
டார்கஸ் பென்வெல், கைம்பெண்,
வின்டர்கோவ்,
மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றம்.

பெறுநர்:
மாண்புமிகு ஆளுநர் அவர்கள்,
பாஸ்டன்.

பொருள்: மரண தண்டனை பெற்றுள்ள என் மருமகள் கெசியா, பீப்பாய் செய்யும் மைக்கா லோவெல் ஆகியோரின் உயிரைக் காக்கவும், சபை மூப்பர் எலியாசர் ட்ரஸ்க்கைச் சத்தியப் பிரமாணத்தின்பேரில் விசாரிக்கவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் ஒரே மகன் ஏனோஸ் சில ஆண்டுகளுக்கு முன் மூப்பர் ட்ரஸ்க்கின் படகில் அவருடன் மீன்பிடிக்கப் போனான். இருவர் போன படகு ஒருவருடன் திரும்பியது. வழியில் எதிர்ப்பட்ட இங்கிலாந்துக் கப்பலில் ஏனோஸ் ஏறிக்கொண்டதாக மூப்பர் தெரிவித்தார். ஊர் நம்பியது. நானும் நம்பினேன். ஓடிப்போனவனென்றாலும் எங்கோ உயிரோடிருக்கிறான் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

2. கெசியாவுக்கு அது போதவில்லை. அவள் மனைவியாகவும் இல்லை, கைம்பெண்ணாகவும் இல்லை. புருஷன் ஓடுமளவுக்கு இவள் என்ன செய்தாளோ என்று ஊர்ப் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். ஆயினும் என்னைவிட்டுப் போகாமல் விறகு பிளந்து, மீன் உப்பிட்டு என்னைக் காப்பாற்றினாள். புயலில் சரிந்த எங்கள் கூரையைச் சரிசெய்ய மைக்கா வந்தார். அவர்களிடையே நேசம் உண்டானதை நான் அறிவேன். கெசியா மறுபடி சிரிக்கத் தொடங்கினாள். அது எனக்கு வலித்தது. ஆனால் சிரிக்காதே என்று சொல்ல மனம் வரவில்லை.

3. பெண் குழந்தை பிறந்தது. கணவன் உயிரோடிருக்கையில் நடந்ததால் இது விபசாரமே என்றும், இருவரும் வரும் வியாழக்கிழமை தூக்கிலிடப்பட வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. கெசியாவைச் சபையிலிருந்து விலக்கும் அறிக்கையை மூப்பர் ட்ரஸ்க்கே வாசித்தார். பாதியில் அவர் குரல் கம்மியது. இரக்கம் என்று எண்ணினேன்.

4. மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், "அந்தக் கப்பல் பேரச் சொல்லுங்க. எம்மவனத் தேடி ஆள் அனுப்பறேன். அவன் வந்து மன்னிச்சுட்டேன்னு சொன்னா இவ பொழைச்சுக்குவா" என்று கெஞ்சினேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கப்பலே இல்லம்மா. அலை அவன அடிச்சிட்டுப் போயிருச்சு. எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டான். புடிச்ச மீனக் கொட்டிட்டுப் படகத் திருப்பியிருக்கலாம். நான் திருப்பல" என்றார். இதை நீதிமன்றத்தில் சொல்லும்படி வேண்டினேன். "சபை முன்னால எந்த முகத்தோட நிப்பேன்?" என்றார். அவருடைய முகத்தைக் காப்பாற்ற இரண்டு உயிர்கள் போகவிருக்கின்றன. இதுவே என் புகார்.

5. சிறையில் கெசியாவைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். தனக்கு உயிர்ப்பிச்சை கிடைக்குமா என்று அவள் கேட்கவில்லை. குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள். "விட்டுட்டுப் போயிட்டாரேன்னு தினமும் அவரத் திட்டினேனே, அத்தை. அப்பல்லாம் அவரு தண்ணிக்குள்ள கெடந்திருக்காரே" என்றாள். ஐயா, இவளைத்தான் கணவனுக்குத் துரோகம் செய்தவள் என்கிறார்கள்.

6. மகனைப் பிரிந்த துக்கத்தில் இந்தக் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தங்களிடம் சொல்லக்கூடும். மூப்பரையே வரவழைத்துக் கேளுங்கள். வேதாகமத்தின்மேல் கைவைத்துப் பொய் சொல்லும் துணிவு அவருக்கில்லை. கெசியாவும் மைக்காவும் செய்தது பாவமே, மறுக்கவில்லை. கைம்பெண்ணும் மணமாகாதவனும் செய்த பாவத்துக்குரிய தண்டனையை அவர்கள் ஏற்பார்கள். சவுக்கடியானாலும் சரி. தூக்குமரம் வேண்டாம்.

7. இத்தனை காலமும் என் மகன் உயிரோடிருக்க வேண்டும் என்று கர்த்தரிடம் மன்றாடிவந்தேன். இன்று அவன் இறந்துபோனான் என்று பதியும்படி தங்களிடம் மன்றாடுகிறேன். தாமதிக்காமல் விசாரித்து, ஏனோஸ் பென்வெல் கடலில் இறந்தான் என்று எழுதச் செய்யுங்கள். அந்த இருவரும் உயிரோடு வெளியே வரட்டும். என் மகனுக்காக நான் அதன்பிறகு அழுதுகொள்கிறேன்.

இடம்: வின்டர்கோவ்
நாள்: 1663, ஒன்பதாம் மாதம், ஆறாம் நாள்

தங்கள் தயவை நாடி நிற்கும்,
டார்கஸ் பென்வெல்
(ஏனோஸின் தாய்)