வலையில் அடைகிடக்கும் பேடு

இஞ்சேருங்கோ,

சோறும் திருக்கைக் கறியும் மூடி வைச்சிருக்கிறன். ஆற முந்திச் சாப்பிடுங்கோ. நான் சேவலுகளைக் கொண்டு மன்னார் ரவுணுக்குப் போறன். ஹோட்டல்காரர் புரொயிலர் வேண்டாம், ஊர்க்கோழிதான் வேணும், கிழமைக்குக் கிழமை கொண்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டினம். "கோழி வித்து ஆர் குடும்பம் நடத்தினது" எண்டு நேற்றுச் சிரிச்சனீங்கள். அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகேல்லை.

முல்லைத்தீவுக்குக் கூட்டிப்போகப் படகுக்காரச் சம்மாட்டி ஆள் அனுப்பினா, இப்ப வரேலாது எண்டு சொல்லுங்கோ. உங்கட வலைக் குவியலில சிவப்புப் பேடு போய் அடை கிடக்குது. குஞ்சு பொரிக்கும்வரை எழுப்பக்கூடாது. வலையில்லாமல் கடலுக்குப் போய் என்ன செய்யப் போறீங்கள்?

போன சோளகக் காத்துக் காலம் முழுக்க அங்க போய்த் தொழில் செய்துபோட்டு நீங்கள் திரும்பி வந்த அண்டைக்கு, எங்கட மகள் றொஷேல் உங்களை ஆரெண்டு தெரியாமல் கதவுக்குப் பின்னால ஒளிச்சவள். நான் குசினிக்குள்ள போய் நிண்டு அழுதனான்.

பின்னேரம் கோழிக்கூட்டைப் பிந்தாமல் அடைச்சுப்போடுங்கோ. கீரி வருது.

மெற்றில்டா

இதையும் எழுதாட்டி மனம் கேக்காது. பேடு தானாப் போய் வலையில படுக்கேல்லை. நான்தான் முட்டையளோட தூக்கி வைச்சனான்.